இடமிருந்தும் இடமில்லை: கணிப்பொறி நினைவகத்தின் சிதறல் வரலாறு

ரயில் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள் உண்டு என்று கொள்வோம். அவற்றுள் 12 காலியாக உள்ளன. டில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஊருக்குப் புறப்படும் ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று, சேர்ந்தாற்போல் இடம் வேண்டும் என்று கேட்கிறது. காலிப் படுக்கைகளோ பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒன்றும் இரண்டுமாகக் கிடக்கின்றன. தேவைக்கு இரு மடங்கு இடம் இருக்கிறது. ஆயினும் கேட்டபடி கொடுக்க இடமில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் கோடை விடுமுறைதோறும் இதனைக் கண்டிருப்பர்.

கணிப்பொறியின் உள்ளேயும் இதே நிலை ஏற்படுவதுண்டு. நினைவகத்தில் காலியிடம் ஏராளமாக இருக்கும். ஆனால் ஒரே தொடர்ச்சியாக இராது. இதனைத் தமிழில் துண்டாடல் என்று சிலர் வழங்குவர். துண்டாடல் என்றால் துண்டாடுபவன் ஒருவன் இருத்தல் வேண்டும். இங்கே அத்தகையவன் எவனும் இல்லை. வருவோரும் போவோரும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்ததன் விளைவாகவே இது நேர்கிறது. ஆதலால் சிதறல் என்னும் சொல்லையே இவ்வுரையில் ஆள்வோம். இச்சிதறலோடு அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டத்தின் வரலாறே இங்கு நாம் கூறப்புகுவது.

கணிப்பொறியின் நினைவகம் வரிசையாக இலக்கமிட்ட சிறு அறைகளைக் கொண்ட ஒரு நீண்ட தெருவைப் போன்றது. ஒவ்வோர் அறைக்கும் கதவிலக்கம் போன்றதொரு முகவரி உண்டு. இத்தெருவில் யாருக்கு எவ்விடம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு, இயக்க முறைமையின் நடுவே விளங்கும் கெர்னல் என்னும் கருப்பகுதியைச் சேர்ந்தது. மற்ற நிரல்கள் வரும். வேலை முடிந்ததும் போகும். கெர்னலோ பொறியை இயக்கிய கணம் முதல் நிறுத்தும் கணம் வரை உள்ளேயே வாழ்வது. அது பிறருக்கு இடம் அளப்பதோடு தனக்கும் இடம் எடுத்துக்கொள்கிறது. வட்டிலிருந்து வரும் தரவையும், கம்பி வழியே வரும் செய்திப் பொட்டலங்களையும், உரியவர் பெற்றுக்கொள்ளும் வரை தங்கவைக்க அதற்குத் தொட்டிகள் வேண்டும். இவற்றைப் பஃபர் என்பர். தமிழில் இடைத்தேக்கம் எனலாம்.

இடைத்தேக்கங்களை எடுப்பதும் விடுவதும், வேலை மிகுந்த பொறியில் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்கின்றன. அவற்றின் அளவுகள் பலவகை. தங்கும் காலமும் பலவகை. ஒன்று இமைப்பொழுதில் விடுபடும். அதன் அடுத்த வீட்டுக்காரரோ பல மாதங்கள் நகரமாட்டார். இவ்வாறு விரைந்து போவோரும் நிலைத்து இருப்போரும் கலந்து குடியேறுவதாலேயே இடம் சிதறுகிறது. குடியேறியவரைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிடலாமே எனின், கெர்னலில் அஃது எளிதன்று. ஒரு பொருளின் முகவரியை வேறு பல பகுதிகள் தமக்குள் குறித்து வைத்திருக்கும். சாதனங்கள் பலவும் அம்முகவரிக்கே நேராகத் தரவை எழுதும். சொல்லாமல் வீடு மாறியவரின் கடிதம் பழைய வீட்டுக்கே போவதுபோல, நகர்த்திய பொருளுக்கு உரிய தரவு அயலார் இடத்தில் சென்று விழும்.

இது வெறும் கணித விநோதம் அன்று. தொலைபேசி நிலையம், வங்கி, மருத்துவமனை முதலியவற்றின் பொறிகள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டியவை. இடமிருக்கையிலேயே கெர்னல் கோரிக்கையை மறுக்க நேர்ந்தால், வந்த பொட்டலம் கைவிடப்படும். புதிதாகச் சேர்த்த சாதனம் இயங்க மறுக்கும். சில வேளைகளில் பொறியே நின்றுபோகும். அணைத்து மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும். ஆதலால் குறை எங்கிருந்தது என்பது எவருக்கும் புலப்படாமலே மறைந்துவிடும். நோய் மறைந்ததேயன்றித் தீர்ந்ததன்று.

இந்நோய்க்கு முதன்முதலாகக் கண்ட பெரு மருந்து இங்கிலாந்தில் தோன்றியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி, 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் என்னும் பொறி, நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்தது. பக்கத்துக்கு 512 சொற்கள். முதன்மை நினைவகத்தில் 32 பக்கங்கள். ஒரு நிரலின் முதற் பக்கம் ஓரிடத்திலும் இரண்டாம் பக்கம் வேறோரிடத்திலும் இருக்கலாம். நிரல் தன் இடம் தொடர்ச்சியானது என்றே எண்ணிக்கொண்டிருக்கும். பொறியில் அமைந்த பதிவேடு அதன் எண்ணத்தை மெய்யான முகவரியாக மாற்றிக்கொடுக்கும். குடும்பத்தினர் ஆறு பேரையும் ஆறு மூலைகளில் அமர்த்திவிட்டு, அவர்கள் அருகருகே இருப்பதாகவே உணரும்படி செய்துவிட்டாற்போன்ற வித்தை இது.

நிரல்களைப் பொறுத்தவரை சிதறல் பெரும்பாலும் நீங்கியது. ஆனால் வேறோர் இழப்பு தலைகாட்டியது. கேட்பவருக்குப் பத்துச் சொல்லளவு போதும் என்றாலும் முழுப் பக்கம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும், எஞ்சியது வீண். 1969-இல் பிரயன் ரேண்டல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். காலியிடம் வெளியே சிதறிப் பயன்படாமற் போவது புறச்சிதறல். தேவைக்கு மேல் அளந்து கொடுத்ததால் உள்ளேயே வீணாவது அகச்சிதறல். அவர் நடத்திய சோதனைகளில் வியப்பான முடிவு ஒன்று கிடைத்தது. அளவுகளின் வகையைக் குறைக்கும் பொருட்டுக் கோரிக்கைகளை மேல்நோக்கி முழுமையாக்கியபோது, புறத்தே மிச்சமானதைவிட அகத்தே இழந்தது அதிகமாக இருந்தது. இழப்பு ஒழியவில்லை, இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டது. இவ்வரலாறு முழுவதற்கும் திறவுகோல் போன்றது இம்முடிவு.

இதற்கிடையில் அமெரிக்காவில் வேறொரு வழி வகுக்கப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென்னத் நோல்டன் 1965-இல் வெளியிட்ட முறை அது. பின்னாளில் பொருளியலுக்காக நோபெல் பரிசு பெற்ற ஹாரி மார்கோவிட்ஸ் 1963-இலேயே இதனைக் கையாண்டார் என்பர். இதற்குத் தோழர் முறை என்று பெயரிடலாம். மொத்த இடத்தை இரு சம பாதிகளாக வகுப்பது; வேண்டுமாயின் பாதியையும் பாதியாக வகுப்பது; கோரிக்கைக்குப் போதுமான சிறிய துண்டு கிடைக்கும் வரை இவ்வாறே செல்வது. ஒரே துண்டிலிருந்து பிறந்த இரு பாதிகளும் தோழர்கள். இருவரும் காலியானால் உடனே ஒன்றாகச் சேர்ந்து பழைய பெரிய துண்டாகிவிடுவர். தோழன் இருக்குமிடத்தைத் தேட வேண்டியதே இல்லை; முகவரியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். வேகம் மிகுதி. ஆயின் 70 அலகு கேட்டவருக்கு 128 அலகு கொடுக்க வேண்டும். 58 அலகு வீண். மேலும், அடுத்தடுத்து இரண்டு துண்டுகள் காலியாக இருந்தாலும், அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவாயின் சேரமாட்டா.

1968-இல் டொனால்ட் கனூத் தம் பெருநூலின் முதற் பகுதியில் இத்தகைய முறைகளை எல்லாம் அளந்து பார்த்தார். கோரிக்கைக்கு மிக நெருங்கிய அளவுள்ள இடத்தைத் தேடிக் கொடுப்பதே சிறந்தது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அப்படிக் கொடுத்தால் எஞ்சும் துணுக்குகள் மிகச் சிறியனவாகி, எதற்கும் உதவாமல் பெருகுகின்றன. போதுமான அளவுள்ள முதல் இடத்தையே கொடுத்துவிடும் எளிய முறை பல வேளைகளில் அதற்குக் குறைந்ததன்று. பொறி நெடுநேரம் ஓடி நிலைபெற்றபின், குடியிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியளவு ஓட்டைகள் இருக்கும் என்றும் அவர் காட்டினார். 1971-இல் ராப்சன் என்னும் கணித அறிஞர் இன்னும் கடுமையானதோர் உண்மையை நிறுவினார். குடியேறியதை நகர்த்தக் கூடாது என்ற நியதி இருக்கும்வரை, எத்தகைய பங்கீட்டு முறையையும் திணறச் செய்யும் கோரிக்கை வரிசை ஒன்று உண்டு. மிகப் பெரிய கோரிக்கைக்கும் மிகச் சிறிய கோரிக்கைக்கும் உள்ள விகிதம் உயர உயர, அந்த இழப்பும் உயரும். முற்றிலும் பழுதற்ற முறையைத் தேடுவது வீண் முயற்சி என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை இவ்வுண்மையை எதிர்கொண்ட விதம் மிக எளிமையானது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கிய பணி அது. 1975-இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பு, நிரல்களுக்கு நினைவகத்தை முதல் இடம் என்ற முறையிலேயே அளந்தது. கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட இடங்களோ தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டவை. வட்டுக்கான இடைத்தேக்கங்கள் 15. ஒவ்வொன்றும் 512 பைட். ஒரே வேளையில் ஓடக்கூடிய பணிகள் 50. திறந்திருக்கக்கூடிய கோப்புகள் 100. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் மாணவர்க்காக எழுதிய விளக்கவுரையில் இவற்றை வரிவரியாகக் காணலாம். அந்நூல் 1996-இல் அச்சேறும் வரை, இருபது ஆண்டுகள் நகலுக்கு நகலாகக் கைமாறியே உலகெங்கும் படிக்கப்பட்டது.

அளவும் எண்ணிக்கையும் மாறாத இடத்தில் சிதறலுக்கு வழியில்லை. ஆனால் 101-ஆவது கோப்பைத் திறக்க வந்தவருக்கு இடமில்லை என்றே விடை. பணிகளுக்கான அட்டவணையில் பாதி காலியாகக் கிடந்தாலும் அதனைக் கோப்புகளுக்குத் தர இயலாது. பெண்டிர் பெட்டி காலியாக ஓடுகையில் பொதுப் பெட்டியில் நிற்க இடமின்றித் தவிப்பதைப் போன்றது இது. இங்கும் இழப்பு ஒழியவில்லை. சிதறலை விட்டு ஒதுக்கீட்டில் புகுந்துகொண்டது.

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதும் இம்முறை போதாமற் போயிற்று. கம்பி வழியே வரும் பொட்டலம் சில பைட்டுகளாகவும் இருக்கலாம். ஈதர்நெட் அனுமதிக்கும் 1500 பைட்டாகவும் இருக்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் வகையில், எம்பஃப் என்னும் புதுவகை இடைத்தேக்கம் வந்தது. அதன் அளவு 128 பைட்; அதில் 112 பைட் தரவுக்கு. பெரிய பொட்டலம் வந்தால் பல எம்பஃப்களைச் சரம்போல் கோத்து அதனை வைப்பர். மிகப் பெரியதற்கு 1024 பைட் கொண்ட தொகுதியைச் சேர்ப்பர். தொடர்ச்சியான இடம் வேண்டும் என்ற பிடிவாதத்தையே இது கைவிட்டது. பல வீடுகளில் தங்கினாலும் உறவு என்னும் சரடு இருந்தால் போதும் என்பது இதன் கருத்து. கோத்ததைப் படிக்குந்தோறும் சரட்டைப் பிடித்துச் செல்ல வேண்டிய உழைப்பு, இதற்குக் கொடுத்த விலை.

இவ்வாறு தேவைக்கொன்றாக முறைகள் பெருகின. 1988-இல் மார்ஷல் கிர்க் மக்கூசிக்கும் மைக்கேல் கேரல்ஸும் கணக்கிட்டபோது, 4.3 பி.எஸ்.டி. கெர்னலுக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு பங்கீட்டு முறைகள் இருந்தன. அவர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றை வகுத்தனர். சிறிய கோரிக்கைகளை இரண்டின் மடிப்பெருக்கமான அளவுகளுக்கு உயர்த்தி, பெரியவற்றைப் பக்கக் கணக்கில் கொடுத்தனர். வேகமும் எளிமையும் கிடைத்தன. ஆயினும், ஓர் அளவுக்கென்று ஒதுக்கிய பக்கம் பின்னர் அந்த அளவுக்கே உரியதாய் நின்றுவிட்டது. ரேண்டல் கூறிய அகச்சிதறல் இங்கே மீண்டும் தலைதூக்கியது.

1994-இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 2.4 முறைமைக்காக ஜெஃப் பான்விக் அமைத்த ஸ்லாப் என்னும் பங்கீட்டு முறை, கேள்வியையே மாற்றியது. அதுவரை யாவரும் கேட்டது, எவ்வளவு இடம் வேண்டும் என்பதே. பான்விக் கேட்டது, இடம் கேட்பது எவ்வகைப் பொருள் என்பது. கெர்னலில் பிறக்கும் பொருள்கள் சில வகைகளிலேயே அடங்குவன. கோப்புக்குரிய குறிப்பு ஒரு வகை. பணிக்குரிய குறிப்பு மற்றொரு வகை. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கிடங்கு வைத்து, பக்கங்களை அவ்வகையின் சரியான அளவுக்கு வெட்டி அடுக்கினால் அகச்சிதறல் குறையும். ஒரு பலகையில் எட்டுப் பொருளாவது அமையுமாறு பார்த்துக்கொண்டால், ஓரத்தில் வீணாவது எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது, அதாவது 12.5 விழுக்காடு. அதனினும் நுட்பமானது மற்றொன்று. ஒரே வகைப் பொருள்களின் ஆயுள் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒன்றாக வந்தவர் ஒன்றாகப் போனால், வீடு முழுவதும் ஒரே வேளையில் காலியாகும். போகும் காலத்தை எண்ணி வரும்போதே இடம் வகுக்கும் அறிவு, கெர்னலின் வரலாற்றில் இங்குதான் தெளிவான உருவம் பெறுகிறது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், நோல்டனின் தோழர் முறையை அடித்தளமாகவும் ஸ்லாப் முறையை மேல்தளமாகவும் கொண்டு வளர்ந்தது. ஒரு பக்கம் 4096 பைட். பொறி இயங்கத் தொடங்கிய நாளில் பெரிய துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். நாள்கள் செல்லச் செல்ல அவை அருகிவிடும். 9000 பைட் கொண்ட பெரும் பொட்டலம் ஒன்றைத் தொடர்ச்சியாக வாங்கிவைக்க மூன்று பக்கங்கள் தேவை. தோழர் முறையில் மூன்று என்பது இல்லையாதலால் நான்கு பக்கங்கள் சேர்ந்து கிடைக்க வேண்டும். பல்லாயிரம் பக்கங்கள் காலியாக இருக்கையிலேயே அந்த நான்கு கிடைக்காமல், பொட்டலம் கைவிடப்பட்டதுண்டு.

நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இக்கவலை எதற்கு என்று சிலர் கேட்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 ஜிகாபைட் நினைவகத்தில், 4096 பைட் அளவுள்ள பக்கங்கள் 41,94,304 உள்ளன. இக்காலப் பொறிகள் விரும்பும் பெரும்பக்கம் ஒன்றுக்கு, அடுத்தடுத்த 512 சிறு பக்கங்கள் சேர்ந்து 2 மெகாபைட் வேண்டும். அத்தகைய கூட்டங்கள் 8192. ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் அசையாத பக்கம் ஒன்று குடியிருந்தால் போதும்; ஒரு பெரும்பக்கமும் கிடைக்காது. தடுத்து நிற்பவை எல்லாம் சேர்ந்து 32 மெகாபைட். அதாவது மொத்தத்தில் 512-இல் ஒரு பங்கு. எஞ்சிய 511 பங்கும் காலியாக இருந்தும் பயனில்லை. செல்வம் பெருகுவதால் மட்டும் இக்குறை தீராது.

அயர்லாந்தைச் சேர்ந்த மெல் கோர்மன் இதனை நன்குணர்ந்தார். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் இடம்பெற்ற அவரது முறை, பக்கங்களை மூவகையாகப் பிரித்தது. நகர்த்தக்கூடியவை ஒரு வகை. வேண்டுமாயின் கைவிட்டுப் பின்னர் மீட்கக்கூடியவை ஒரு வகை. நகராதவை ஒரு வகை. இயன்றவரை ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் பேட்டையில் குடியேற்றினர். 2010-இல் வெளிவந்த 2.6.35 பதிப்பில் நெருக்கிச் சேர்க்கும் முறையும் வந்தது. ஒருவர் தெருவின் கீழ்க்கோடியிலிருந்து நகர்த்தக்கூடிய பக்கங்களைத் தேடிக்கொண்டு வருவார். மற்றொருவர் மேற்கோடியிலிருந்து காலி வீடுகளைத் தேடிக்கொண்டு வருவார். இருவரும் சந்திக்கும் வரை அவற்றை இங்கிருந்து அங்கே பெயர்த்துக்கொண்டே இருப்பர். நிரல்களின் பக்கங்களை இப்படிப் பெயர்க்க முடிவதற்குக் காரணம், அவற்றின் முகவரியை இடையில் ஒரு பதிவேடு மொழிபெயர்த்துத் தருவதே. 1962-இல் அட்லஸ் விதைத்த விதையின் கனி இது. நகர்த்தக் கூடாது என்ற நியதி இருக்கும்வரை என்று ராப்சன் குறித்த வாயிலும் இதுவே.

லினக்ஸின் மேல்தளத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2007-இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் ஸ்லப் என்னும் எளிய முறையைக் கொணர்ந்தார். சிறு பொறிகளுக்கென இருந்த ஸ்லோப் முறை 2023-இலும், பழைய ஸ்லாப் முறை 2024-இலும் நீக்கப்பட்டன. மறுபுறம், விண்கலங்களுக்கு நிரல் எழுதுவோர் பழைய நெறிக்கே சென்றுள்ளனர். ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, தொடக்கப் பணி முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கலாகாது என்பது. கோடிக்கணக்கான கல் தொலைவிலுள்ள பொறியில் கைவைத்துச் செப்பனிடுவார் இல்லையன்றோ? அங்கே வீணாகும் இடத்தைவிட, மறுக்கப்படும் இடமே அஞ்சத்தக்கது. ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் 15 இடைத்தேக்கங்களை ஏளனம் செய்ய இயலாது என்பதும் இதனால் விளங்கும்.

இந்த அறுபது ஆண்டுகளில் இழப்பை அடியோடு ஒழித்த முறை ஒன்றும் இல்லை. பக்கமாக வகுத்தால் பக்கத்தின் உள்ளே வீண்; தோழர்களாக வகுத்தால் மேல்நோக்கி ஏற்றிய அளவில் வீண்; முன்னரே ஒதுக்கினால் பயன்படாத ஒதுக்கீட்டில் வீண்; நகர்த்தினால் நகர்த்தும் உழைப்பில் வீண். எவ்விழப்பை எவ்விடத்தில் தாங்க முடியும் என்று தேர்ந்துகொள்வதே கெர்னல் அமைப்பவரின் கலை. அத்தேர்வைச் செம்மையாகச் செய்தவர், இடம் கேட்டு வந்தவரின் அளவை மட்டும் கேட்டு நிற்கவில்லை. அவர் எவ்வளவு காலம் தங்குவார், எழுந்திருக்கச் சொன்னால் எழுவாரா என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தனர். காலியிடம் எவ்வளவு என்ற எண்ணிக்கை மட்டும் நிலைமையைச் சொல்லாது; அதன் நடுவே அசையாமல் இருப்பது எது என்பதையும் அறிந்தாலன்றி, அடுத்து வருபவருக்கு இடம் உண்டா இல்லையா என்று எவராலும் கூற இயலாது.